முட்டைக்குள் இடம் வலம்

என் மனைவி முழுகாமல் இருந்த மாதங்களில் நான் கோழிக்கருக்களைச் சீவிக்கொண்டிருந்தேன்.

சீவுவது என்றால் இஞ்சி சீவுவது போல அல்ல. அடைக்கு வைத்த முட்டையை மூன்று நான்கு நாளில் உடைத்து, உள்ளே நகத்தளவு சுருண்டு கிடக்கும் கருவை எடுத்து, மெழுகுக்குள் புதைத்து, தாளை விட மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு சீவலையும் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் வழியாகப் படம் எடுக்க வேண்டும். பிறகு அந்தப் படங்களை வரிசை மாறாமல் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கரு எப்படி இருந்ததோ அப்படியே முப்பரிமாணமாகத் திரையில் எழுந்து நிற்கும். சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். முழுசாக இருந்த ஒன்றை நூற்றுக்கணக்கில் துண்டு போட்டுவிட்டு, முழுசாக இருந்தபோது அது எப்படி இருந்தது என்று இயந்திரத்திடம் கேட்கும் இந்த வேலைக்கு எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி என்று பெயர். எங்கள் வீட்டில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். அச்சில் போட முடியாது.

தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். பகுதிநேரம் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. தண்டனை என்னவோ முழு ஆயுளுக்கும்தான். டிஜிட்டல் கேமரா எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்திருந்த காலம். நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேயும் கோழி, பந்தலில் அடிக்கிற மருந்தையும் சேர்த்துத்தான் கொத்தித் தின்கிறது. அதன் முட்டைக்குள் வளரும் கரு ஒழுங்காக வளருகிறதா, கோணுகிறதா?

பந்தலுக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீடே தோட்டத்துக்குள்தான் இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் கொடி தலையில் இடிக்கும். மருந்தடிக்கிற நாளில் துணி காயப்போடும் கயிறு வரைக்கும் மயில்துத்தத்தின் நீலம் படிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து வாடையே படாத முட்டை வேண்டுமே என்று யோசித்தபோது மாமியார் வீடு நினைவுக்கு வந்தது. கடமலைக்குண்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் மானாவாரி நிலம், மொச்சையும் எள்ளும். ஆக, ஒரு பக்கம் எங்கள் வீட்டுக் கோழி, இன்னொரு பக்கம் என் மனைவி வீட்டுக் கோழி. தவிட்டுக்குள் முட்டையைப் புதைத்த தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன்.

“ஊருல மருமகன் வந்தா கோழி அடிச்சுப் போடுவாக. நம்ம மருமகன் முட்டையிலேயே முடிச்சுக்கிடுறாக, செலவு மிச்சம்” என்று மாமியார் மகளிடம் சொன்னாராம்.

படம் எடுக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. கல்லூரி மைக்ராஸ்கோப்பில் கேமரா கிடையாது. கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர், எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர், புதிதாக டிஜிட்டலுக்கு மாறியிருந்தார். அவரிடம் போய் நின்றேன். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. அதனால் கருக்களுக்கு நேரம் கிடைத்தது. கேமராவை மைக்ராஸ்கோப்போடு பிளாஸ்டிக் குழாய் வைத்து இணைத்து அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். முதல் சீவலைப் பார்த்ததும், “சார், கண்ணு தெரியுது! இந்தப் பக்கம் பாக்குது!” என்று கத்தினார். கரு வளைந்து கிடப்பதால் தலையும் உடம்பும் ஒரே சீவலில் வரும். தலையில் கண் இருக்கும் இடம் பெரிய வட்டமாகத் தெரியும். அன்றிலிருந்து அவருக்கு அவை சீவல்கள் இல்லை, ஆட்கள்.

எது எந்த வீட்டு முட்டை என்று சொன்னதும் இன்னும் உற்சாகமாகிவிட்டார். அவர் கொடுத்த சிடிகளில் ஒன்றின் மேல் ‘மாப்பிள்ளை வீடு’ என்றும் மற்றதன் மேல் ‘பொண்ணு வீடு’ என்றும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. மதுரையில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் காட்டுவதற்காக, எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு புத்தகமாகவும் போட்டுக் கொடுங்கள், எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும் என்று கேட்டிருந்தேன். அதையும் அழகாகச் செய்து கொடுத்தார். படித்த ஒருவன் இன்னொருவரிடம் வேலை சொல்லும்போது ‘ஒரே சீராக’ என்பது போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு பகல். கல்லூரி கம்ப்யூட்டர் முதலில் பொண்ணு வீட்டுக் கரு ஒன்றை அடுக்கி முடித்தது. பாடப்புத்தகம் எப்படிச் சொல்லுமோ அப்படியே இருந்தது. கரு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. இதயம் நேர்க்குழாயாகத் தொடங்கி வலப்பக்கம் வளைந்திருந்தது. அப்படி வலப்பக்கம் வளைந்தால்தான் பின்னால் இதயம் இடப்பக்கம் வந்து அமரும், கோழிக்கும் மனிதனுக்கும். பிறகு மாப்பிள்ளை வீட்டைப் போட்டேன்.

வளைவு இடப்பக்கம் இருந்தது.

திரையைச் சுற்றினேன். இன்னும் இடப்பக்கம்தான். அடுத்த கருவைப் போட்டேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். எங்கள் தோட்டத்துக் கருக்கள் எல்லாமே தப்பான பக்கம் படுத்துக்கொண்டு, தப்பான பக்கம் இதயத்தை வளைத்துக்கொண்டு, சாவதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அந்தத் தோட்டத்து வீட்டில், அந்தக் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம், அந்த நிமிடம் என் மனைவி உட்கார்ந்து வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம்.

கண்ணாடித் தகடுகளையே எடுத்து மறுபடி பார்த்தேன். ஒரு சீவலைத் தனியாகப் பார்த்து வலமா இடமா என்று சொல்ல முடியாது. புரண்டு ஒட்டியிருந்தாலும் அதேபோலத்தான் இருக்கும். மைக்ராஸ்கோப் வேறு எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். சிறிது நேரத்தில் என் வலது கை எது என்பதே சந்தேகமாகிவிட்டது. புத்தகங்களைப் புரட்டினேன். உள்ளுறுப்புகள் மொத்தமாக இடம் மாறியவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் எண்பது வயது வரை இருப்பது உண்டு. அரைகுறையாக மாறினால்தான் ஆபத்து என்று போட்டிருந்தது. முதல் பாதியை ஒரு தடவை படித்தேன். பின்பாதியைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் போய் இதயம் கோணும் என்று சொல்கிற வாய் எனக்கு இல்லை. என் அறிவியல் எல்லாம் கல்லூரி வாசலோடு சரி. வீட்டுக்குள் நுழைந்ததும், சொன்னால் பலித்துவிடும் என்று பயப்படுகிற சாதாரண ஆள்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல்களை மூடினேன். அப்பாவிடம் கொஞ்ச நாளைக்கு மருந்தடிப்பதை நிறுத்தச் சொன்னேன்.

அப்பா பந்தலுக்கு அடியில் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுக்குலே?”

“வாடை ஆகல அவளுக்கு.”

“மழ ஊத்துது. இலையில அடிச்சாம்பல் நோவு விழுந்துருச்சுன்னா, பந்தல்ல பழத்துக்குப் பதிலா உன் புத்தகத்தத் தொங்கவிடுறதா? உன்னைய வயித்துல வச்சுக்கிட்டு உங்காத்தா இதே பந்தல்லதான் குலை நறுக்குனா. நீ என்ன கெட்டா போயிட்ட?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு வேறு சந்தர்ப்பங்களில் அவரே ‘ஆமா’ என்று பதிலும் சொல்லிக்கொள்வார். அன்றைக்கு எதிர்த்துப் பேசாமல் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்டது. அவள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாள். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து, நான் பார்ப்பதைப் பார்த்தாள். இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தேனியில் ஸ்கேன் எடுத்தோம். எடுத்த டாக்டரம்மா, பிள்ளை நன்றாக இருக்கிறது, தலை, முதுகு, இதயம் எல்லாம் சரி என்றார். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் புயல் அடிக்கும் சாம்பல் நிறக் கடல். அதற்குள் ஏதோ ஒன்று படபடத்தது.

“இதயம் எந்தப் பக்கம் இருக்கு மேடம்?” என்றேன்.

“இருக்க வேண்டிய எடத்துல இருக்கு.”

“இல்ல, வலமா இடமான்னு...”

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சார், சுத்தி வளைச்சு நீங்க எதுக்கு வாறீகன்னு எனக்குத் தெரியும். வலது பக்கம் இருந்தா பையன், இடது பக்கம் இருந்தா பொண்ணுன்னு எவனோ கெளப்பிவிட்டுருக்கான். வாசல்ல போர்டு மாட்டிருக்குல்ல? படிச்சவுக மாதிரி இருக்கீக.”

ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்கிற போர்டு. எங்கள் பக்கத்தில் அந்தப் போர்டு ஏன் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன்; விளக்கம் சொல்ல வேண்டுமானால் படுக்கையில் கிடப்பவள் காதுபடச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டேன். குற்றவாளி மூடுவதைப் போலவே இருந்திருக்கும்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னமனூர் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே, “என்ன பிள்ளையா இருந்தா என்ன?” என்றாள்.

“நான் அதக் கேக்கல.”

“பெறகு எதக் கேட்டீக?”

சொல்லியிருக்கலாம். “சும்மா” என்றேன்.

ஒரு மாதம் கழித்து, மதுரையில் முப்பரிமாண ஸ்கேன் வந்திருக்கிறதாம், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தாமல், “வரமாட்டேன்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பக்கத்தில் போனால் அவள் கை தானாக வயிற்றின்மேல் போவதைக் கவனித்தேன். குழந்தை உதைப்பதால் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு உயிரை எல்லாத் திசையிலிருந்தும் திருப்பிப் பார்க்கும் தொழில்நுட்பம் கைவசம் வைத்திருந்தவனுக்கு எதிரில் நின்றவளைப் பார்க்கத் தெரியவில்லை.

கார்த்திகைக் கடைசியில் வளைகாப்பு நடந்தது. படம் எடுக்க அதே ஸ்டுடியோக்காரர் வந்தார். சடங்கு முடிந்ததும் வழக்கப்படி அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. பந்தலை விட்டுத் தூரமாகப் போகிறாள். காரில் ஏறும்போது அவள் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. அதற்கான காரணத்தை நான் விசாரிக்கவில்லை.

மார்கழியில் ஆல்பம் தயார் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியனுப்பினார். ஸ்டுடியோவில் உட்கார்ந்து புரட்டினேன். ஓரிடத்தில் விரித்ததும், இடதுபக்கத் தாள் முழுக்க அவள், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் வளையல். எதிர்த்தாளில் நான், மாலையோடு, திருடுபோன சைக்கிளைத் தேடுகிறவன் போல. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. வீட்டில் என்னை அவள் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகுதான் முந்தானை கண்ணில் பட்டது. வலது தோளில் கிடந்தது.

“என்னங்க இது, சேலை மாறிக் கெடக்கு?”

அவர் எட்டிப் பார்த்தார். “அதுவா? அந்தப் படத்துல அவுக வெளிய பாத்துக்கிட்டு இருந்தாக சார். அதான் திருப்பிப் போட்டேன். ஆல்பத்துல யாரும் வெளிய பாக்கக் கூடாது, உள்ளதான் பாக்கணும். வெளிய பாத்தா அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. நம்ம தொழில்ல இது முக்கியம். முந்தானைய யாரு சார் பாக்கப்போறா?”

ஆல்பத்தை மூடினேன். “நம்ம கோழிக்குஞ்சுப் படம்?” என்றேன்.

“அதுவும்தான்! உங்க வீட்டாளுக பூராம் இடதுபக்கத் தாளுல வந்து, வெளிய பாத்துக்கிட்டு நின்னுச்சுக. பொண்ணு வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கலாமா, சொல்லுங்க? ஒண்ணு விடாமத் திருப்பிட்டேன். சிடியிலயும் அதத்தான் ஏத்துனேன், ஒரே சீரா இருக்கட்டும்னு. ரெண்டு நாள் ஆச்சு சார் அதுக்கே.”

சிரிக்கத் தொடங்கினேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், என்னவென்று தெரியாமலேயே. எல்லாக் கருவும், ஒன்று பாக்கியில்லாமல், அச்சுப் பிசகாமல் திரும்பியிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இயற்கை தப்பு செய்தால் தாறுமாறாகத்தான் செய்யும். இவ்வளவு பொறுப்பாகச் செய்ய ஸ்டுடியோ வேண்டும். அவரிடம் திருப்பாத அசல் படங்கள் இருந்தன. கல்லூரிக்குக் கொண்டுபோய் அடுக்கினேன். வலப்பக்கம். வலப்பக்கம். எல்லாம் வலப்பக்கம்.

ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வளைகாப்புப் படத்தின் அசலையும் அவரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அதில் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆல்பத்தை விட்டு, என்னை விட்டு, தோட்டத்தை விட்டு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை வயிற்றின்மேல் இருந்தது.

மறுநாளே கடமலைக்குண்டுக்குப் போனேன். மாமியார் தண்ணீர் கொடுத்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: முட்டை, பந்தல், இதயம், டாக்டரம்மாவிடம் கேட்ட கேள்வி, திருப்பிப் போட்ட படம். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு கெட்டிக்காரன் சோடித்த பொய் மாதிரி கேட்டது.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, “இத ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?” என்றாள்.

“உன்னையப் பயமுறுத்த வேணாம்னு.”

“இப்ப நான் பயப்படாமயா இருந்தேன்?”

அவளே சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. “நீங்க ஸ்கேனுக்கு அலையுறதப் பாத்துட்டு நான் எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன். பொம்பளப்பிள்ளையாப் பெறந்தா அங்கன திரும்பிப் போகமாட்டேன்னு. உங்க கையில பிள்ளையக் குடுக்கவே பயமா இருந்துச்சு எனக்கு.”

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது, மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தல், மருந்து, கோணல் இதயம் என்று மாதக்கணக்கில் நான் பயந்த பயம் முழுக்க ஒரே நொடியில் சின்னதாகிவிட்டது. அவள் பயந்தது என்னைப் பார்த்து.

“இப்பவாவது நம்புறியா?”

“நம்பணும்னுதான் இருக்கு” என்றாள். “பிள்ள பெறந்ததும் நான் முதல்ல உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். பிள்ள மூஞ்சிய அப்பறம் பாத்துக்கிடுவேன்.”

மாசி வரை என் முகத்தோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாதாரணமாகவே எனக்குச் சாவு வீட்டுக்குப் போகிற முகம். மாணவர்கள் தேர்ச்சி பெற்றாலும் அதே முகம்தான். சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷப்பட்டுப் பார்ப்பேன். பார்க்கச் சகிக்காது. அதைக் கண்டால் எந்தத் தாயும் பிள்ளையை மறைத்துக்கொள்வாள்.

தேனி ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். நர்ஸம்மா வந்து, “பொம்பளப்பிள்ள” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவரும்கூட அதைத்தான் பார்த்தார். உள்ளே போனேன். அவள் சொன்னபடியே, துணிக்குள் சுற்றிக் கிடந்ததைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பழகி வைத்திருந்த முகம் எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை. என்ன முகம் வந்ததென்று எனக்குத் தெரியாது, கண் மறைத்தது.

அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு துணியை விலக்கி, என் கையைப் பிடித்து அந்த நெஞ்சின்மேல் வைத்தாள். என் உள்ளங்கையை விடச் சின்ன நெஞ்சு. அது அடித்த வேகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உடம்பு முழுக்கவே அடித்தது.

“எடது பக்கம்தான்” என்றாள். “டாக்டர்கிட்ட நான் கேட்டுட்டேன். வலி வந்ததுலருந்து அதே நெனப்பாவே இருந்துச்சு.”

தலையை ஆட்டினேன். கையை எடுக்க மனமில்லை.

“அந்தத் தோட்டத்து முட்டையில வேற ஒண்ணும் இல்லல்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டதற்கு ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருந்தோம். அதுவரை இடம் வலம் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அசல் படங்களை அடுக்கியபோதுதான் தெரிந்தது, தோட்டத்துக் கருக்களில் ஒன்றுக்குத் தலைப்பக்கம் மூடவே இல்லை. மூளையாக வளர வேண்டிய குழாய் திறந்து கிடந்தது. யாரும் திருப்பிப் போட்டு வந்த தப்பு அல்ல அது. “ஒண்ணு இருந்துச்சு” என்றேன். “உங்கம்மா வீட்டு முட்டையிலயும் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டும் எதனாலன்னு தெரியல.”

அவள் பிள்ளையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். என் கை அதோடு சேர்ந்தே போனது, அவள் தள்ளிவிடவில்லை.

“அப்ப இவளத் தூக்கிக்கிட்டு எங்கனதான் போறது?” என்றாள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா வந்து, பால் கொடுக்கிற நேரம், ஆம்பளைகள் வெளியே போகலாம் என்றார்.